சுண்டுவிரல் இடைவெளி

கடை வாடகைக்கு.
கிரைண்டர் தவணையில்.
அண்டா இரண்டும் நாத்தனார் கொடுத்து
நாத்தனார் கேட்டுக்கொண்டே இருப்பவை.
அடுப்பு மட்டும்தான் என்னுடையது.

கொரடாச்சேரி பழைய இரும்புக் கடையில்
எடை போட்டு வாங்கிய பெயின்ட் டிரம்.
உள்பக்கம் கொஞ்ச நாள் ஒட்டியிருந்தது
யார் வீட்டுச் சன்னலுக்கோ அடித்தது போக மிஞ்சிய பச்சை.

முதல் மாதம் அது தின்ற விறகில்
நாலு பேரைக் கரையேற்றியிருக்கலாம்.
காலை ஈட்டுக்கு மட்டும் பதினெட்டுக் கிலோ சவுக்கு.
காலண்டர் தாளின் முதுகில் எழுதி வைத்தேன்.
கேட் மூடும்போது தண்ணீர் ஏற்றினால்
காரைக்கால் பாசஞ்சர் போய்
கேட் திறந்து
பால் வண்டி வந்து போன பிறகுதான் கொதி.
சாப்பிட வந்தவர்கள் அழுதுகொண்டே சாப்பிட்டார்கள்.
என் தேங்காய்ச் சட்னிக்குக்
காரம் என்று பேர்.

வெல்டர் சவரிநாதன் குனிந்து பார்த்தான்.
"தீ அண்டாவுக்குப் போவணும்க்கா,
உங்க தீ தெருவுக்குப் போவுது."

டிரம்முக்குள் ஒரு குட்டி டிரம் இறக்கினோம்.
நடுவில்
மில்லில் சும்மா அள்ளிக்கொள்ளச் சொன்ன உமிச்சாம்பல்.
உலக்கையால் குத்திக் குத்தி இறுக்கினேன்.
தப்பு.
வெளித் தகரம் தோசைக்கல்லாய்க் காய்ந்தது.
அத்தனையும் கொட்டி
சலித்து, பொலபொலவென்று திரும்பப் போட்டேன்.
சாம்பலுக்குள் சும்மா இருக்கிற காற்றுதான்
சூட்டை உள்ளே பிடித்து வைக்கிறதாம்.
இப்போது கன்னம் வைக்கலாம்.
வைத்தும் பார்த்தேன், யாரும் இல்லாதபோது.

எட்டு எம்எம் கம்பியில் ஒரு தட்டு.
விறகு மேலே, காற்று கீழே.
பிறகு அண்டாவைச் சுற்றித் தகரப் பாவாடை.
கட்டைவிரல் இடைவெளி விட்டோம்,
தீ சோம்பேறியாக நழுவி வெளியே போனது.
ஒட்டித் தைத்தோம்,
மூச்சு முட்டி வாய் வழியே திரும்பி வந்து
என் முன்நெற்றி மயிரைப் பொசுக்கியது.
"சுண்டுவிரல்" என்றேன்.
"யார் சுண்டுவிரல், உங்களுதா என்னுதா?"
என்னுடையது. பிறகு எதற்கு அடுப்பு என் பேரில்?

அன்றைக்கு
வெண்ணாற்று மதகைத் தூக்கினாற்போல்
உள்ளேயிருந்து ஒரு ஹோ.
பாசஞ்சர் கேட்டைத் தாண்டவில்லை,
அண்டா தளதளத்தது.
ஏழு கிலோ.
தப்பாக நிறுத்தேனோ என்று
மிச்ச விறகை மறுபடி தராசில் வைத்தேன்.
ஏழேதான்.

விறகுக்கடை ஜெகபர் எக்செல்லில் வந்து இறங்கினார்.
"வேற யார்ட்ட வாங்குறே தையலு?"
காலண்டர் தாள்களை நீட்டினேன்.
கண்ணாடி போட்டு ஒவ்வொன்றாகப் படித்தவர்
போகும்போது மெதுவாகக் கேட்டார்,
வீட்டுக்கு ஒன்று செய்து தர எவ்வளவு ஆகும்.

ஆவணியில்
மூடி வைத்த மாவின் மேல்துணியில் மஞ்சள் தூள்.
மறுநாளும்.
அண்ணாந்து பார்த்தேன்.
மூங்கில் வாரை முழுக்க ஊசித் துளைகள்,
காது கொடுத்தால் கர் கர்ரென்று உளு.
ஆறு வருஷம் எல்லோரையும் அழவைத்த புகைதான்
அவற்றையும் அண்டவிடாமல் வைத்திருந்தது.
அதற்கு நான் கணக்கு எழுதவில்லை.

ஓட்டுக்குப் பணமில்லை. ஷீட்டுக்கும் இல்லை.

ஆகவே வெள்ளிக்கிழமை மத்தியானம்
கடை கட்டியதும்
பாவாடையைக் கழற்றுகிறேன்.
கம்பித் தட்டை உருவுகிறேன்.
ஈர மட்டையும் வேப்பந்தழையும் திணித்து
காற்று வாயைச் செங்கல்லால் அடைத்து
என் அடுப்பை
அரை மணி நேரம்
பழையபடி கெட்டுப்போக விடுகிறேன்.
கீற்றின் இடுக்கெல்லாம் புகை கசிய
ரோட்டில் நிற்கிறேன், காய்ந்த கண்ணோடு.
புது ஆட்கள் பஸ்ஸிலிருந்து கத்துகிறார்கள்,
தீ, தீ என்று.
தெரிந்தவர்கள் மணி பார்த்துக்கொள்கிறார்கள்.

உள்ளே வந்து எழுதுகிறேன்:
வெள்ளி. நாலு கிலோ.
இட்லி இல்லை.
கூரைக்கு.